வெளியார் மாட்யூலுக்கு ரிக்வெஸ்ட்: அள்ளிக் கொடுப்பதா, கிள்ளிக் கொடுப்பதா?

ஒரு வெப் ஃப்ரேம்வொர்க்கை (இணையத்தள நிரல்களுக்கான அடித்தளத்தை) எழுதி, இதற்கு யார் வேண்டுமானாலும் மாட்யூல் (துணை நிரல்) எழுதிச் சேர்க்கலாம் என்று கதவைத் திறந்து வைத்ததும் வெளியாரிடமிருந்து வரும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "இப்போது ஓடிக்கொண்டிருக்கும் ரிக்வெஸ்ட்டை என் மாட்யூலுக்குள் எப்படி எடுப்பது?" ரிக்வெஸ்ட் என்பது பிரவுசர் மாதிரி ஒரு க்ளையண்ட் சர்வருக்கு அனுப்பும் கோரிக்கை. கேள்வி சின்னது. அவசரத்தில் பதில் சொல்லிவிட்டால் பல வருடம் அதைச் சுமக்க வேண்டியிருக்கும். ஒருமுறை கொடுத்ததைத் திரும்ப வாங்குவது லேசுப்பட்ட காரியம் இல்லை. அதை நம்பி யாராவது எங்காவது நிரல் எழுதியிருப்பார்கள்.

வழிகள் பல உண்டு. ஒவ்வொரு ஃப்ரேம்வொர்க்கும் ஒன்றைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் ஓடி, தடுக்கி விழுந்து, வேறொன்றுக்கு மாறியிருக்கிறது. அந்த விழுப்புண்களை வைத்துத்தான் இங்கே ஒப்பிடப் போகிறேன். பேச்சு ஆகாயத்தில் மிதக்காமல் இருக்க மூன்று மாட்யூல்களைக் கையில் வைத்துக்கொள்வோம்.

முதலாவது, நடப்பதைப் பதிவு செய்யும் லாக் மாட்யூல். அது எழுதும் ஒவ்வொரு வரியிலும் நடப்பு ரிக்வெஸ்ட்டின் ட்ரேஸ் ஐடி (அதைப் பின்தொடர உதவும் அடையாளம்) ஒட்டியிருக்க வேண்டும். இரண்டாவது மொழிபெயர்ப்பு மாட்யூல். பயனர் எந்த மொழியில் பார்க்கிறார் என்று தெரிந்தால் அதற்குப் போதும். மூன்றாவது, வெளிச் சேவையிலிருந்து வரும் வெப்ஹூக்கின் (ஒரு நிகழ்வைத் தெரிவிக்க அந்தச் சேவையே அனுப்பும் ரிக்வெஸ்ட்டின்) கையொப்பத்தைச் சரிபார்க்கும் மாட்யூல். அதற்கு ரிக்வெஸ்ட் பாடியின் (உள்ளடக்கத்தின்) அசல் பைட்டுகள் வேண்டும், ஒரு பைட் கூட மாறாமல்.

மூவரும் வாய்விட்டுக் கேட்பது ஒன்றைத்தான்: "ரிக்வெஸ்ட்டைக் கொடு." ஆனால் முதலாமவருக்குத் தேவை 32 எழுத்து, இரண்டாமவருக்கு இரண்டு எழுத்து, மூன்றாமவருக்குச் சில மெகாபைட்டாகவும் இருக்கலாம். இந்த வித்தியாசத்தைக் கவனிக்காமல் மூவருக்கும் ஒரே சாவியைக் கொடுப்பதில்தான் பெரும்பாலான சிக்கல்கள் ஆரம்பிக்கின்றன.

நடுக்கூடத்தில் வைத்துவிடுவது

எளிய வழி இது. ரிக்வெஸ்ட்டைப் பொது மாறியாக்கிவிடு, யாருக்கு வேண்டுமோ எடுத்துக்கொள்ளட்டும். பிஎச்பியின் சூப்பர்குளோபல்கள் இதற்கு நல்ல உதாரணம். கெட், போஸ்ட், குக்கீ, சர்வர் என்று எந்த ஃபங்க்ஷனுக்குள்ளிருந்தும் எட்டும் அணிகள் (தரவுப் பட்டியல்கள்). பொது மாறி என்றாலே முகம் சுளிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பிஎச்பியின் வழக்கமான இயக்கத்தில் ஒரு ப்ராசஸ் (ஓடும் நிரல்) ஒரு நேரத்தில் ஒரு ரிக்வெஸ்ட்டை மட்டுமே பார்க்கும், பதில் போனதும் எல்லாம் துடைக்கப்பட்டுவிடும். ஆக, அங்கே பொது மாறி யாரையும் ஏமாற்றவில்லை. 'நடப்பு ரிக்வெஸ்ட்' என்பது உண்மையிலேயே ஒன்றே ஒன்றுதான். ஸ்வூல், ரோட்ரன்னர் மாதிரி ப்ராசஸை உயிரோடு வைத்து அடுத்தடுத்த ரிக்வெஸ்ட்டுகளை அதிலேயே ஓட்டும்போதுதான் அந்த அடித்தளம் ஆட்டம் காண்கிறது. அதுவரை நன்றாக ஓடிய மாட்யூல்கள் நேற்றைய பயனரின் மிச்சத்தை இன்றைய பயனருக்குக் காட்ட ஆரம்பிக்கும்.

இந்த வழியின் ஆழமான பிரச்சினை வேறு. பொதுவில் இருப்பதை எல்லோரும் படிக்கலாம் என்பதோடு, அதன் வடிவத்தை யாராவது மாற்றினால் எல்லோருக்கும் மாறும். பிஎச்பியில் ரெஜிஸ்டர் குளோபல்ஸ் என்றொரு வசதி இருந்தது. முகவரியில் 'அட்மின் சமம் 1' என்று சேர்த்து அனுப்பினால் நிரலுக்குள் அந்தப் பெயரில் ஒரு மாறியே பிறந்துவிடும். வசதிதான், ஆனால் யாருக்கு? 2002-ல் வந்த 4.2 பதிப்பில் அதை இயல்பாக அணைத்துவைத்தார்கள். முழுதாகத் தூக்கி எறிய 2012-ல் வந்த 5.4 வரை ஆனது. இடையில் பத்து வருடம்.

அதே 5.4-ல் மேஜிக் கோட்ஸ் என்ற இன்னொன்றும் போயிற்று. வரும் தரவில் மேற்கோள் குறிக்கு முன்னால் தானாகவே ஒரு பின்சாய்கோடு போட்டுவிடும் வசதி அது. மொழி அதை விட்டொழித்தது. ஆனால் வேர்ட்பிரஸ் இன்றும் தானே அந்தக் கோடுகளை கெட், போஸ்ட், குக்கீ, சர்வர் அணிகளில் சேர்த்துக்கொண்டிருக்கிறது. காரணம் எளிது. கோடுகள் இருக்கும் என்று நம்பி எழுதப்பட்ட ப்ளகின்கள் ஏராளம். நிறுத்தினால் அவற்றில் பல பாதுகாப்பு ஓட்டையாகிவிடும். அதனால் புதிதாக எழுதும் ப்ளகின் ஆசிரியர்கள், போட்ட கோட்டை எடுப்பதற்கென்றே தனியாக ஒரு ஃபங்க்ஷனை அழைக்க வேண்டியிருக்கிறது. வெளியாருக்கு ரிக்வெஸ்ட்டைத் திறந்து வைப்பது எவ்வளவு நீண்டகால ஒப்பந்தம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு கதையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்கு மிகவும் பிடித்த பிழை இது. வெப் சர்வர் வெளி நிரலை இயக்கும் பழைய முறையான சிஜிஐயின் மரபுப்படி ரிக்வெஸ்ட்டில் வரும் ஹெடர்கள் (தலைப்புத் தகவல்கள்) பெரும்பாலும் முன்னால் 'எச்டிடிபி' என்ற சொல்லும் ஒரு அடிக்கோடும் சேர்ந்து சூழல் மாறியாக (இயங்குதளம் நிரலுக்குத் தரும் மதிப்பாக) மாறும். அப்படியானால் 'ப்ராக்சி' என்ற பெயரில் யாராவது ஒரு ஹெடர் அனுப்பினால்? 'எச்டிடிபி ப்ராக்சி' என்ற சூழல் மாறி உருவாகிவிடும். வெளியே போகும் அழைப்புகளை எந்த ப்ராக்சி (இடையில் நிற்கும் சர்வர்) வழியாக அனுப்புவது என்று பல எச்டிடிபி க்ளையண்ட் நூலகங்கள் பார்ப்பது அதே பெயருள்ள மாறியைத்தான். விளைவு: முகம் தெரியாத ஒருவர் ஒரே ஒரு ஹெடரால் உங்கள் சர்வரின் வெளி அழைப்புகளைத் தன் வாசல் வழியாகத் திருப்பிவிடலாம். 2001-லேயே பெர்ல் உலகில் இதைக் கண்டு சரிசெய்திருந்தார்கள். ஆனாலும் 2016 ஜூலையில் எச்டிடிபாக்ஸி என்ற பெயரில் பல மொழிகளில் ஒரே நேரத்தில் அது மறுபடி வெடித்தது. இதில் யாருடைய தவறு என்று விரல் நீட்டவே முடியாது. சிஜிஐ தன் விதிப்படி செய்தது, நூலகம் தன் வழக்கப்படி படித்தது. பொதுவில் கிடக்கும் பொருளை இருவர் இரு அர்த்தத்தில் எடுத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

த்ரெட்டோடு கட்டிவைப்பது, பிறகு சூழலோடு

ஒரே ப்ராசஸில் ஒரே நேரத்தில் பல ரிக்வெஸ்ட்டுகள் ஓடும் என்றால் பொது மாறி உதவாது. அடுத்த யோசனை த்ரெட்-லோக்கல் (த்ரெட் என்பது ஒரு ப்ராசஸுக்குள் தனியாக ஓடும் வேலை இழை): பார்வைக்குப் பொது மாறி, உள்ளே த்ரெட்டுக்கு ஒரு பிரதி. 2010-ல் வந்த பைத்தான் ஃப்ரேம்வொர்க்கான ஃப்ளாஸ்க் இதைத்தான் அழகாகச் செய்தது. 'ரிக்வெஸ்ட்' என்ற பெயரை இறக்குமதி செய்துகொண்டால் போதும். அதைத் தொடும்போதெல்லாம் அந்தக் கணத்தில் யாருடைய ரிக்வெஸ்ட்டோ அது கிடைக்கும். ஜாவாவில் ஸ்ப்ரிங்கின் ரிக்வெஸ்ட்-கான்டெக்ஸ்ட்-ஹோல்டரும், பழைய ஏஎஸ்பி டாட்நெட்டின் 'நடப்பு எச்டிடிபி கான்டெக்ஸ்ட்'டும் இதே குடும்பம்தான்.

மாட்யூல் எழுதுபவருக்கு இது சொர்க்கம். தன் ஃபங்க்ஷனின் வடிவத்தை மாற்றாமல், நடுவில் இருக்கும் நாலு அடுக்குகளைத் தொந்தரவு செய்யாமல், நேராகப் போய் எடுத்துக்கொள்ளலாம். குறிப்பாக நம் லாக் மாட்யூலுக்கு இதைவிட்டால் வேறு உருப்படியான வழி இல்லை என்றே சொல்வேன். நிரலின் எந்த மூலையிலிருந்தும் லாக் எழுதுவார்கள். எல்லா மூலைக்கும் ட்ரேஸ் ஐடியைக் கையில் தூக்கிக்கொண்டு போக யாரும் தயாராக இருக்க மாட்டார்கள்.

ஆனால் த்ரெட்டுகள் மறுபயன்பாட்டுக்கு உரியவை. நான் இருந்த ஒரு குழுவில் லாக்கில் ஒரு பயனரின் ஐடி வேறொருவரின் வரிகளில் தென்பட ஆரம்பித்தது. சோதனையில் வரவே வராது. கூட்டம் கூடும் நேரத்தில் மட்டும் வரும். மூன்று நாள் தேடியபின் கிடைத்தது இது: ஒரு மாட்யூல் ரிக்வெஸ்ட் தொடங்கும்போது த்ரெட்டில் ஐடியை எழுதியது, முடியும்போது அழித்தது. ஆனால் நடுவில் பிழை எழுந்தால் அழிக்கும் வரிக்குப் போகவே போகாது. த்ரெட் அப்படியே த்ரெட்டுகளின் பொதுக் கையிருப்புக்குத் திரும்பும், அடுத்தவரை அதே அழுக்கோடு வரவேற்கும். லாக்கோடு போயிற்று என்று நிம்மதி அடைந்தோம். அந்த ஐடியை வைத்து அனுமதி சரிபார்க்கும் மாட்யூல் ஏதாவது இருந்திருந்தால் கதையே வேறு. இதிலிருந்து நான் கற்றது: வைப்பதும் துடைப்பதும் ஃப்ரேம்வொர்க்கின் வேலையாக இருக்க வேண்டும், மாட்யூலின் கையில் விடவே கூடாது. ரூபியின் ரெயில்ஸ் ஃப்ரேம்வொர்க் 2018-ல், 5.2 பதிப்பில், கரண்ட் ஆட்ரிப்யூட்ஸ் என்று கொண்டுவந்தபோது ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டுக்கு முன்னும் பின்னும் தானே துடைத்துவிடும்படி செய்ததும் இதனால்தான்.

அப்புறம் அசிங்க் வந்தது: ஒரு வேலை காத்திருக்கும் நேரத்தில் வேறு வேலையைப் பார்க்கும் முறை. ஒரே த்ரெட்டில் நூறு ரிக்வெஸ்ட்டுகள் மாறி மாறி ஓடும் உலகில் த்ரெட்டோடு கட்டிவைப்பதற்கு அர்த்தமே இல்லை. பைத்தான் 3.7 பதிப்பில், 2018-ல், கான்டெக்ஸ்ட்வார்ஸ் வந்தது. ஃப்ளாஸ்க்கின் அடியில் இருக்கும் வெர்க்சூக் 2021-ல் அதற்கு மாறிக்கொண்டது. ஜாவாஸ்கிரிப்ட்டை சர்வரில் ஓட்டும் நோட் ஜேஎஸ் 2020-ல் அசிங்க்-லோக்கல்-ஸ்டோரேஜைக் கொடுத்தது. ஜாவா மெய்நிகர் த்ரெட்டுகளைக் கொண்டுவந்தபின் ஸ்கோப்ட் வேல்யூஸ் என்பதை ஜேடிகே 25-ல், 2025-ல், நிலைப்படுத்தியது. எல்லாவற்றிலும் கருத்து ஒன்றுதான்: மதிப்பு த்ரெட்டோடு போகாது, வேலையின் ஓட்டத்தோடு போகும்.

இது பெரிய முன்னேற்றம். முழுத் தீர்வு இல்லை. நோட்டில் கனெக்ஷன் பூலை (திறந்துவைத்த இணைப்புகளின் கையிருப்பை) வைத்துக்கொண்டு கால்பேக்கை (வேலை முடிந்ததும் அழைக்கப்படும் ஃபங்க்ஷனை) வரிசையில் போட்டுவைக்கும் ஒரு பழைய நூலகம் நடுவில் வந்தால், கால்பேக் அழைக்கப்படும்போது சூழல் வேறு யாருடையதாகவோ வெறுமையாகவோ இருக்கலாம். பின்னணி வேலைக்கு அனுப்பிவிட்டால் அங்கே ரிக்வெஸ்ட்டே கிடையாது. மாட்யூலோ இருக்கும் என்று நம்பிக் கைவைக்கும். ஏஎஸ்பி டாட்நெட் கோர் எழுதப்பட்டபோது பழைய 'நடப்பு' சொத்தையே எடுத்துவிட்டார்கள். வேண்டுமானால் ஒரு அணுகியைத் தனியாகப் பதிவு செய்துகொள், ரிக்வெஸ்ட் முடிந்தபின் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளாதே என்று எச்சரிக்கையோடுதான் கொடுக்கிறார்கள்.

'நடப்பு' என்ற சொல்லே சில இடங்களில் வழுக்குகிறது. பிஎச்பி ஃப்ரேம்வொர்க்கான சிம்ஃபனியில் ஒரு பக்கத்தை உருவாக்கும்போது உள்ளுக்குள் துணை ரிக்வெஸ்ட்டுகள் பிறக்கலாம். அந்த நேரத்தில் மாட்யூல் கேட்கும் 'ரிக்வெஸ்ட்' எது, வெளியே பயனர் அனுப்பியதா, உள்ளே பிறந்ததா? முதலில் ரிக்வெஸ்ட்டையே ஒரு சர்வீஸாக (ஃப்ரேம்வொர்க் உருவாக்கித் தரும் பொருளாக) வைத்து, அதற்கென்று ஒரு ஸ்கோப்பும் (ஆயுள் எல்லையும்) வைத்திருந்தார்கள். அந்த ஸ்கோப்பால் வந்த தலைவலிக்குப் பிறகு 2013-ல், 2.4 பதிப்பில், ரிக்வெஸ்ட் ஸ்டாக் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள்: நடப்பு வேண்டுமா, தாய் வேண்டுமா, முதன்மை வேண்டுமா என்று கேட்டு வாங்கு. 3.0-ல் பழைய ஸ்கோப்புகளே இல்லை. கேட்பவரைத் தெளிவாகக் கேட்க வைத்ததுதான் அங்கே நடந்த நல்ல காரியம்.

கையில் கொடுத்தனுப்புவது

நேர்மையான வழி இது. ரிக்வெஸ்ட் வேண்டுமா, ஃபங்க்ஷனின் முதல் அளவுருவாக வாங்கிக்கொள். பைத்தானின் ஜாங்கோ ஃப்ரேம்வொர்க்கில் பக்கத்தை உருவாக்கும் வியூ ஃபங்க்ஷன்கள் இப்படித்தான். கோ மொழி இன்னும் பிடிவாதம். கோரூட்டீனுக்கு (கோ மொழியின் இலகுவான த்ரெட்டுக்கு) உள்ளூர் மாறி என்று எதையும் அது வேண்டுமென்றே கொடுக்கவில்லை. 2016-ல் 1.7 பதிப்பில் கான்டெக்ஸ்ட் தொகுப்பை நிலை நூலகத்துக்குக் கொண்டுவந்து, அதை ஒவ்வொரு ஃபங்க்ஷனுக்கும் முதல் அளவுருவாக அனுப்பு என்றது. அதில் மதிப்புகளையும் வைக்கலாம். ஆனால் ரிக்வெஸ்ட்டோடு பயணிக்கும் தரவுக்கு மட்டுமே, ஃபங்க்ஷனின் விருப்ப அளவுருக்களை ஒளித்துவைக்க அல்ல என்று ஆவணமே சொல்கிறது.

படிக்கும்போதே யாருக்கு என்ன தேவை என்று தெரிந்துவிடும். சோதனை எழுதுவது சுலபம். பின்னணி வேலையில் போலி நடிப்பு கிடையாது. விலை என்ன? கோ மொழியில் இப்போது விலை குறைவு, ஏனென்றால் பெரும்பாலானோர் அந்த அளவுருவை வைத்தே எழுதுகிறார்கள். வேறு இடங்களில் மொழிபெயர்ப்பு மாட்யூலை யோசித்துப் பாருங்கள். டெம்ப்ளேட்டுக்குள் பத்தாவது அடுக்கில் ஒரு சொல்லை மொழிபெயர்க்க வேண்டும்; அதற்காக மொழியை மேலிருந்து கீழ்வரை ஒவ்வொரு அடுக்கும் கைமாற்றிக்கொடுக்க வேண்டும். நடுவில் ஒரு அடுக்கு இன்னொரு வெளியாருடையதாக இருந்து, அவருடைய ஃபங்க்ஷனில் அந்த அளவுருவுக்கு இடமில்லை என்றால் சங்கிலி அங்கேயே அறுந்துவிடும். வெளியார் மாட்யூல்கள் உள்ள ஃப்ரேம்வொர்க்குக்கு இது சின்னச் சங்கடம் அல்ல.

ரிக்வெஸ்ட்டையே பையாக்குவது

மிடில்வேர் (ரிக்வெஸ்ட் ஒன்றன்பின் ஒன்றாகக் கடக்கும் இடைநிரல்கள்) வரிசையில் ஓடும் ஃப்ரேம்வொர்க்குகளில் இன்னொரு பழக்கம் உண்டு: ரிக்வெஸ்ட் போகும் வழியில் ஒவ்வொருவரும் அதில் எதையாவது போட்டுவிட்டுப் போவார்கள், பின்னால் வருபவர் எடுத்துக்கொள்வார். நோட்டின் எக்ஸ்பிரஸ் ஃப்ரேம்வொர்க்கில் ரிக்வெஸ்ட்டின் மேலேயே 'யூசர்' என்று ஒட்டிவைப்பது எல்லோருக்கும் பழக்கமானது. அதே 'யூசர்' என்ற பெயரில் இரண்டு மாட்யூல்கள் ஒட்டினால் யார் பின்னால் வந்தாரோ அவர் ஜெயிப்பார். பைத்தானில் சர்வரும் வெப் நிரலும் பேசிக்கொள்ளும் டபிள்யூஎஸ்ஜிஐ விதி, பெப் 3333, சர்வர்கள் தாங்கள் சேர்க்கும் பெயர்களுக்குத் தனித்துவமான முன்னொட்டு வைக்கச் சொன்னது. ரூபியில் அதே வேலை செய்யும் ரேக், சேர்க்கும் பெயரில் குறைந்தது ஒரு புள்ளியாவது இருக்க வேண்டும் என்றது. 'ரேக்' என்ற முன்னொட்டைத் தனக்கே வைத்துக்கொண்டது. அற்பமான விதிபோலத் தெரியும். ஆனால் அந்த ஒரு புள்ளி எத்தனை சண்டைகளைத் தவிர்த்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

பிஎச்பி உலகில் 2015-ல் ஏற்கப்பட்ட பிஎஸ்ஆர்-7 என்ற பொது விதி, பையை மாற்ற முடியாததாக்கியது. ஏதாவது சேர்த்தால் புதிய பிரதி கிடைக்கும், பழையது அப்படியே இருக்கும். சேர்த்தவருக்குப் பின்னால் வருபவர்தான் அதைப் பார்க்க முடியும் என்பது இங்கே தெளிவாகிவிடுகிறது. நல்ல ஒழுங்கு. ஆனால் எந்த மாட்யூல் முன்னால், எது பின்னால் என்ற வரிசைச் சண்டை அப்படியேதான் இருக்கிறது.

ரிக்வெஸ்ட்டுக்கு ஒரு ஆயுள் கொடுத்து டிபெண்டன்சி இன்ஜெக்ஷன் (தேவையானதை ஃப்ரேம்வொர்க்கே உருவாக்கித் தரும் முறை) வழியாக ஊட்டிவிடுவதும் உண்டு. பெரிய ஃப்ரேம்வொர்க்குகளுக்கு இது இயல்பாக வருவதுதான். எனக்கு அதில் பெரிய ஆசை இல்லை. நெஸ்ட் ஜேஎஸ்ஸில் ஒரு சர்வீஸை ரிக்வெஸ்ட் ஆயுளுக்கு மாற்றினால், அதை நம்பியிருக்கும் எல்லாமே மேலே மேலே ரிக்வெஸ்ட் ஆயுளுக்கு மாறிவிடும். எங்கோ ஒரு ஓரத்து மாட்யூல் மொழியைத் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டதற்காக, பாதி மரம் ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டுக்கும் புதிதாகப் பிறக்கும். எதிர்த்திசையில், நீண்ட ஆயுள் உள்ள சர்வீஸ் குறுகிய ஆயுள் உள்ளதைத் தெரியாமல் பிடித்து வைத்துக்கொண்டால் முதல் பயனரின் தகவலே கடைசிவரை எல்லோருக்கும் போகும்.

கிள்ளிக் கொடுப்பது

இதுவரை பார்த்த எல்லா வழிகளும் ஒரே கேள்விக்கு விடை தேடின: ரிக்வெஸ்ட் மாட்யூலுக்கு எந்த வழியாகப் போய்ச் சேரும்? நான் முதலில் கேட்க விரும்புவது, எவ்வளவு போக வேண்டும் என்பதை. ரிக்வெஸ்ட் என்ற பொருளுக்குள் செஷன் குக்கீ இருக்கிறது, ஆதரைசேஷன் ஹெடர் இருக்கிறது, பயனர் இப்போதுதான் தட்டச்சிய கடவுச்சொல் இருக்கிறது. இரண்டு எழுத்து மொழிக் குறியீட்டுக்காக இத்தனையையும் அள்ளிக் கொடுப்பது, தெருப் பெயர் கேட்டவருக்கு வீட்டுச் சாவிக்கொத்தைக் கொடுப்பது மாதிரி.

ஆகவே ஃப்ரேம்வொர்க்கே ரிக்வெஸ்ட் உள்ளே நுழையும்போது ஒரு சிறு சுருக்கத்தைத் தயாரித்துவிடலாம். மாற்ற முடியாத, வெறும் தரவு மட்டும் உள்ள ஒரு பொருள். அதில் என்ன இருக்கலாம்? மெத்தட் (கெட், போஸ்ட் மாதிரி), ரூட்டின் (முகவரிப் பாதையின்) வார்ப்பு, மொழி, ட்ரேஸ் ஐடி, பயனரின் ஐடி, க்ளையண்ட் ஐபி. இவ்வளவுதான், வேறெதையும் கேட்டால் பேசி முடிவு செய்யலாம்.

ரூட்டின் வார்ப்பு என்று சொன்னது காரணத்தோடுதான். 'ஆர்டர்கள், 1842' என்ற முழுப் பாதையைக் கொடுத்தால் எண்ணிக்கை எடுக்கும் மாட்யூல் ஒவ்வொரு ஆர்டர் எண்ணுக்கும் ஒரு தனிக் கணக்கு திறந்துவிடும். 'ஆர்டர்கள், எண்' என்ற வார்ப்பைக் கொடுத்தால் ஒரே கணக்கு. ஐபியும் அப்படியே. ரிக்வெஸ்ட் கடந்துவந்த ஐபிகளை வரிசையாகச் சொல்லும் எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார் ஹெடரை யார் வேண்டுமானாலும் எழுதி அனுப்பலாம். இடது ஓரத்தில் இருப்பதை அப்படியே நம்பும் மாட்யூல்கள் நிறைய உண்டு. எத்தனை ப்ராக்சிகள் நம்முடையவை என்பது ஃப்ரேம்வொர்க்கின் அமைப்புக்குத்தான் தெரியும். ஒரு முறை சரியாகக் கணக்கிட்டுச் சுருக்கத்தில் வைத்துவிட்டால் பத்து மாட்யூல்கள் பத்து விதமாகத் தப்புச் செய்ய வேண்டியதில்லை.

வெறும் தரவாக இருப்பதால் இன்னொரு லாபம்: பின்னணி வேலைக்குப் போகும்போது அப்படியே மடித்து க்யூவில் போட்டுவிடலாம். அந்தப் பக்கம் விரித்தால் அதே மொழி, அதே ட்ரேஸ் ஐடி. இறந்துபோன ரிக்வெஸ்ட்டைத் தொடும் பிழை என்ற வகையே இல்லாமல் போகிறது.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். மாட்யூல் எழுதுபவர்கள் திட்டுவார்கள். "ரெஃபரர் ஹெடர் ஒன்று போதுமே, அதற்கு உங்கள் அடுத்த பதிப்பு வரை நான் காத்திருக்க வேண்டுமா?" என்று கேட்பார்கள். கேட்பதில் நியாயம் இருக்கிறது. பிரவுசர் எக்ஸ்டென்ஷன்கள் நிறுவும்போது அனுமதி கேட்பதுபோல, மாட்யூல் தன் அறிவிப்புக் கோப்பில் எந்த ஹெடர்கள் வேண்டும் என்று பெயர் சொல்லி எழுதட்டும். நிறுவுபவர் கண்ணில் அது படட்டும். முழு ரிக்வெஸ்ட் வேண்டும் என்று எழுதவும் வழி இருக்கட்டும். எழுதுவதற்கே ஒரு கூச்சம் வரும். பாதிப் பேர் அங்கேயே யோசித்துக் குறைத்துக்கொள்வார்கள்.

இதைப் பாதுகாப்புச் சுவர் என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது. ஒரே ப்ராசஸுக்குள் ஓடும் மாட்யூல் நினைத்தால் எதையும் தொடலாம். 2018-ல் ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்புக் களஞ்சியமான என்பிஎம்மில் ஈவன்ட்-ஸ்ட்ரீம் என்ற பிரபலமான தொகுப்பின் பராமரிப்பு கைமாறியது. புதியவர் சேர்த்த ஒரு துணைத் தொகுப்பு கோபே என்ற பிட்காயின் வாலட்டைக் குறிவைத்தது. அதற்கு யாரும் இடைமுகம் அமைத்துக் கொடுக்கவில்லை, தானே புகுந்துகொண்டது. சுருக்கம் தடுப்பது கவனக்குறைவை. கெட்ட எண்ணத்தைத் தடுக்கத் தனி ப்ராசஸோ, வேலி போட்டு அடைத்த சாண்ட்பாக்ஸோதான் வேண்டும்.

கிள்ளிக் கொடுத்த துண்டும் வெளியாள் எழுதி அனுப்பியதுதான் என்பதையும் மறந்துவிடக் கூடாது. 2021 டிசம்பரில் வெளிவந்த லாக்4ஷெல் ஓட்டையில் நடந்தது அதுதானே. யூசர்-ஏஜென்ட் மாதிரி ஒரு அப்பாவி ஹெடரில் ஒரு சிறு சரத்தை எழுதி அனுப்பினால், அதை லாக் செய்த ஜாவா நூலகமான லாக்4ஜே அந்தச் சரத்தைக் கட்டளையாக எடுத்துக்கொண்டு வெளியிலிருந்து நிரலைத் தருவிக்கப் போனது. ட்ரேஸ் ஐடியும் பல நேரம் ட்ரேஸ்பேரண்ட் என்ற ஹெடரில் வெளியிலிருந்துதான் வருகிறது. டபிள்யூ3சி வகுத்த வடிவப்படி அது 32 பதினாறடிமான எழுத்து, எல்லாம் சுழியமாக இருக்கக் கூடாது. சுருக்கம் தயாரிக்கும் இடத்திலேயே இதைச் சோதித்துவிட்டால் லாக் மாட்யூலுக்குப் போவது சுத்தமான ஐடி மட்டும்.

பாடி தனிக் கதை

வெப்ஹூக் மாட்யூலை இதுவரை ஓரமாக உட்கார வைத்திருந்தேன். ஹெடர் என்பது பார்த்தாலும் தீராத பொருள். பாடி அப்படியில்லை, அது ஓடும் நீர், ஒருவர் குடித்தால் அடுத்தவருக்கு இல்லை. டபிள்யூஎஸ்ஜிஐயின் உள்ளீட்டு ஸ்ட்ரீமும் சரி, நோட்டின் ரிக்வெஸ்ட் ஸ்ட்ரீமும் சரி, ஒருமுறை படித்தால் முடிந்தது. ஜாவாவின் சர்வர் நிரல் முறையான சர்வ்லெட்டில் இன்னும் விசேஷம்: படிவமாக வந்த போஸ்ட் ரிக்வெஸ்ட்டில் ஒரே ஒரு பாராமீட்டரைக் கேட்டால் போதும், பின்னாலேயே பாடி முழுதும் படிக்கப்பட்டுவிடும். எங்கோ முன்வரிசையில் ஒரு மாட்யூல் அப்பாவியாக ஒரு பாராமீட்டரைக் கேட்டிருக்கும்; பின்னால் ஸ்ட்ரீமைத் திறந்த மாட்யூலுக்கு வெறுங்கோப்பை. பிஎச்பியிலும் 5.6-க்கு முன்பு உள்ளீட்டு ஸ்ட்ரீமை ஒருமுறைதான் படிக்க முடிந்தது.

ஜேசனாகப் பிரித்து வைத்திருக்கிறோமே, அதையே திரும்பக் கோத்துக் கையொப்பம் பார்க்கலாமே என்று சிலர் முயல்வார்கள். கையொப்பம் பைட்டுகளின் மேல் போடப்பட்டது, அர்த்தத்தின் மேல் அல்ல. ஒரு இடைவெளி காணாமல் போனாலும், 1.0 என்பது 1 ஆனாலும், எச்மேக் (ரகசியச் சாவியால் கணக்கிடும் கையொப்பம்) முற்றிலும் வேறாகிவிடும். சோதனைத் தரவில் எல்லாம் சரியாக இருக்கும். யாரோ பெயரில் ஒரு உச்சரிப்புக் குறியோடு வரும் நாளில்தான் தெரியும்.

எல்லோருக்கும் பாடியைச் சேமித்து வைத்துவிடலாமா? நினைவகம் தாங்காது. கோப்பு பதிவேற்றும் ரூட்டில் பெரிய வீடியோ வந்தால் அதையும் சேமிக்க வேண்டிவரும். இங்கே எனக்குப் பிடித்தது எக்ஸ்பிரஸின் பாடி-பார்சர் செய்வது. பிரிப்பதற்கு முன் அசல் பைட்டுகளை ஒரு சரிபார்க்கும் ஃபங்க்ஷனிடம் காட்டிவிட்டு, அது மறுத்தால் அங்கேயே நிறுத்திவிடும். ஃப்ரேம்வொர்க் அளவில் இதை விரித்துச் சொன்னால்: எந்த ரூட்டுக்கு, எத்தனை கிலோபைட் வரை, அசல் பாடி வேண்டும் என்று மாட்யூல் தொடக்கத்திலேயே பதிவு செய்யட்டும். அந்த ரூட்டில் மட்டும் ஃப்ரேம்வொர்க் ஒருமுறை படித்து, பைட்டுகளைக் கையில் கொடுத்துவிட்டு, பின்னால் வருபவர்களுக்கும் அதையே பரிமாறட்டும்.

நான் தேர்ந்தெடுப்பது

புதிதாக ஒரு ஃப்ரேம்வொர்க் என்றால் எனக்கு ஒரே வழி போதாது. சுருக்கத்தை அளவுருவாகக் கையில் கொடுப்பதை இயல்பாக வைப்பேன். லாக், ட்ரேஸ், மொழி ஆகிய மூன்றுக்கு மட்டும் அதே சுருக்கத்தை, வேலையின் ஓட்டத்தோடு போகும் சூழலிலும் வைப்பேன். வைப்பதும் எடுப்பதும் ஃப்ரேம்வொர்க்கின் கையில். இந்த மூன்றுக்கும் பொதுவான குணம் ஒன்று உண்டு: மதிப்பு கிடைக்காமல் போனால் லாக்கில் ஒரு ஐடி விடுபடும், ஒரு பக்கம் வேறு மொழியில் வரும், அதற்கு மேல் சேதமில்லை. அனுமதி சரிபார்ப்பு, பணக் கணக்கு மாதிரி, தப்பானால் விபரீதமாகும் எதையும் சூழலிலிருந்து எடுக்க விட மாட்டேன். அது அளவுருவாக, கண்ணுக்குத் தெரியும்படி வரட்டும். முழு ரிக்வெஸ்ட் மிடில்வேருக்கு மட்டும், அதுவும் அறிவித்துவிட்டு. பாடி மேலே சொன்னபடி.

மாட்யூல்கள் எல்லாம் உங்கள் குழுவே எழுதுவது, வெளியார் யாருமில்லை என்றால் இவ்வளவு சடங்கு தேவையில்லை. ரிக்வெஸ்ட்டை அளவுருவாகக் கொடுங்கள், சரி, வேலை முடிந்தது. கோ மொழியில் எழுதுகிறீர்கள் என்றால் மொழியே வழியைக் காட்டிவிட்டது. கான்டெக்ஸ்ட்டின் சாவிக்கு வெளியே தெரியாத ஒரு தனி வகையை வைத்துக்கொண்டால் பெயர் மோதலும் இல்லை.

ஏற்கெனவே அள்ளிக் கொடுத்தாயிற்று, நூறு மாட்யூல்கள் வெளியே இருக்கின்றன என்பவர்களின் நிலைதான் கஷ்டம். ஒரே நாளில் மூடினால் எல்லாம் உடையும். நாங்கள் ஒருமுறை செய்தது: ரிக்வெஸ்ட்டின் மேல் ஒரு மெல்லிய உறையைப் போட்டு, எந்த மாட்யூல் எந்தப் புலத்தைத் தொடுகிறது என்று மட்டும் எண்ணச் சொன்னோம். எதையும் தடுக்கவில்லை. சில வாரம் ஓடவிட்டுப் பட்டியலைப் பார்த்தபோது பெரும்பாலானவை தொட்டது மொழி, பாதை, ஐபி, பயனர் ஐடி இவற்றைத்தான். இரண்டே இரண்டு மாட்யூல்கள் குக்கீ முழுவதையும் படித்துக்கொண்டிருந்தன. ஒன்றுக்குக் காரணம் இருந்தது. மற்றொன்றை எழுதியவரிடம் கேட்டோம். ரிக்வெஸ்ட்டை அப்படியே பிழை அறிக்கையில் கொட்டும் ஒரு வரியை எப்போதோ எழுதிவிட்டு மறந்துபோயிருந்தார்.